சீனக் கருங்கிண்ணங்களும் அவற்றைக் காத்த கைகளும்

தமிழில் வழங்கும் ‘பீங்கான்’ என்னும் சொல் பாரசீக மொழியிலிருந்து வந்தது. அம்மொழியில் அச்சொல் கிண்ணத்தைக் குறித்தது. கலத்தின் பெயராக இருந்த சொல், தமிழுக்கு வந்து சேர்ந்தபின் அக்கலம் செய்யப்பட்ட பொருளின் பெயராக நிலைத்தது. ஒரு நாட்டார் செய்த கலம், வேறொரு நாட்டார் வைத்த பெயரைச் சுமந்துகொண்டு, மூன்றாவதொரு நாட்டாரின் மொழியில் புகுந்து தங்கிவிட்டது. செய்தவர் ஒருவர், பெயரிட்டவர் ஒருவர், வைத்துக் காத்தவர் ஒருவர் என்னும் இம்முறை சொல்லுக்கு மட்டுமன்றிக் கலத்திற்கும் பொருந்தும். சீனத்துப் பழங்கிண்ணங்களைத் தொகுத்த வரலாற்றில் இம்முறையே மீண்டும் மீண்டும் காணப்படுகிறது.

கிண்ணம் எளிதில் உடையும் பொருள். செப்பேடு மண்ணுள் புதைந்தாலும் மீண்டும் எடுத்துப் படிக்கலாம். கல்வெட்டு மழையையும் வெயிலையும் தாங்கும். வாய் விட்டம் 12 சென்டிமீட்டர் அளவே உள்ள ஒரு மண்கிண்ணம், போரும் தீயும் நிலநடுக்கமும் கண்ட நாடுகளில், எண்ணூறு ஆண்டுகள் உடையாமல் நிற்பது தானாக நிகழக்கூடியதன்று. ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் அது காக்கத்தக்கது என்று முடிவு செய்திருக்க வேண்டும். அம்முடிவுகளின் வரலாறே தொகுப்பின் வரலாறு. சீனத்தின் பூஜியான் பகுதியில் சோங் பேரரசுக் காலத்தில் (960–1279) செய்யப்பட்ட ‘ஜியான்’ கருங்கிண்ணங்கள் இதற்குத் தெளிவான சான்றாக நிற்கின்றன.

தேநீரும் கருமையும்

சோங் காலத்துச் சீனர் தேயிலையை இன்று போல் வெந்நீரில் ஊறவைத்து வடித்துப் பருகவில்லை. இலைகளை ஆவியில் அவித்து, அழுத்தி, அடைகளாக்கி உலர்த்தினர். அடையை உடைத்து, அரைத்து, சலித்த பொடியைக் கிண்ணத்தில் இட்டு, வெந்நீர் வார்த்து, விரைந்து அடித்துக் கலக்கினர். நன்கு அடித்தால் வெண்ணுரை பொங்கும். எவர் கிண்ணத்து நுரை நெடுநேரம் நிற்கிறது என்று பார்க்கும் தேநீர்ப் போட்டி பூஜியானில் பெருவழக்காக இருந்தது. நுரை விலகி, எவருடைய கிண்ணத்தின் உட்சுவரில் நீர்க்கோடு முதலில் தெரிகிறதோ அவர் தோற்றவர் ஆவார்.

வெண்மையைக் காண்பதற்குக் கருமை வேண்டும். இத்தேவையை எழுத்தில் பதிந்தவர் சாய் ஷியாங் (1012–1067). இவர் பூஜியானைச் சேர்ந்தவர். அங்கே அரசு அலுவலராகவும் இருந்து, அரண்மனைக்குச் செல்லும் தேயிலையை மேற்பார்த்தவர். சோங் காலத்தின் தலைசிறந்த எழுத்தோவியர் நால்வருள் ஒருவர் என எண்ணப்படுபவர். பேரரசர் ரென்சோங்கிற்காக இவர் எழுதிய தேநீர்க் குறிப்பு நூலில், தேநீர் வெண்ணிறமாதலின் கருங்கிண்ணமே ஏற்றது என்றும், ஜியான் பகுதியில் செய்யப்படும் கிண்ணம் நீலம் கலந்த கருமையும் முயலின் மயிரை ஒத்த கோடுகளும் உடையது என்றும், அதன் சுவர் தடிப்பாக இருப்பதால் சூடு விரைவில் ஆறாது என்றும் காரணங்களோடு கூறினார். அழகு பற்றிய பேச்சு இந்நூலில் பயனோடு பிணைந்தே வருகிறது. கிண்ணம் நல்லது என்றால், அதில் தேநீர் நன்றாக அமைகிறது என்பதே பொருள்.

ஏறத்தாழ அரை நூற்றாண்டிற்குப் பின்னர், 1107 அளவில், பேரரசர் ஹுய்சோங் தேநீர் பற்றித் தாமே ஒரு நூல் இயற்றினார். அவரும் நீலக்கருமையையும் முயல்மயிர்க் கோட்டையும் போற்றினார். ஓவியரும் எழுத்தோவியரும் பெருந்தொகுப்பாளருமான அப்பேரரசர், பழைய வெண்கலக் கலங்களைத் திரட்டி அவற்றிற்குப் படங்களுடன் கூடிய பட்டியலும் செய்வித்தவர். 1127-இல் வடபுலத்து ஜுர்ச்சென் படையிடம் தலைநகரும் தொகுப்பும் விடுதலையும் ஒருங்கே இழந்து, 1135-இல் சிறையிலேயே இறந்தார். அரசனின் கருவூலம் ஒரே நாளில் சிதறக்கூடியது என்பதைத் தொகுப்பின் வரலாறு தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறது.

சூளையின் செயல்

இக்கிண்ணங்கள் பூஜியானின் வடபகுதியில், ஜியான்யாங்கைச் சார்ந்த ஷுய்ஜி என்னும் ஊரைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் செய்யப்பட்டன. பீங்கான் என்னும் பொதுப்பெயரால் சுட்டினாலும், இவை வெண்களிமண்ணால் ஆன மெல்லிய பீங்கான் அல்ல. இரும்புச் சத்து மிகுந்த கருங்களிமண்ணால் ஆன தடித்த கலங்கள். மலைச்சரிவில் கீழிருந்து மேலாக ஏறும் நீண்ட சூளைகளை டிராகன் சூளை என்பர். ஷுய்ஜியில் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஒரு சூளை 130 மீட்டருக்கும் மேல் நீளமுடையது. ஒவ்வொரு கிண்ணத்தையும் தனித்தனிச் சுடுமண் உறைக்குள் வைத்து, உறைகளை அடுக்கி, 1300 பாகை செல்சியசு அளவு வெப்பத்தில் சுட்டனர்.

அவ்வெப்பத்தில் மெருகுப்பூச்சு உருகிக் கிண்ணத்தின் சுவர்வழியே வழிகிறது. அடியில் திரண்டு, துளியாய்த் தொங்கி நின்றுவிடுகிறது. பூச்சுக்குள் எழும் குமிழிகள் இரும்பை மேற்பரப்புக்குக் கொண்டுவருகின்றன. மேலே சேர்ந்த இரும்பு புள்ளிகளாகவே ஆறிப் படிகமானால், அது நீர்மேல் மிதக்கும் எண்ணெய்த்துளி போன்ற தோற்றம் தருகிறது. பூச்சு மேலும் வழிந்தால் அப்புள்ளிகள் நீண்டு முயல்மயிர்க் கோடுகள் ஆகின்றன. இரண்டிற்கும் மூலப்பொருள் ஒன்றே. வேறுபாடு வெப்பத்திலும் காலத்திலும் சூளைக்காற்றிலும் இருக்கிறது. 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இப்பூச்சின் படிகங்களில் எப்சிலன் வகை இரும்பு ஆக்சைடு இருப்பதைக் கண்டறிந்தது. ஆய்வுக்கூடத்தில் தூய நிலையில் உருவாக்குவதற்கு மிகவும் அரிய அப்பொருளை, வேதியியல் கல்லாத குயவர் விறகையும் மண்ணையும் கொண்டே விளைவித்திருந்தனர்.

அக்குயவருடைய பெயர்கள் கிடைக்கவில்லை. சில கிண்ணங்களின் அடியில் எண்கள் கீறப்பட்டுள்ளன. சிலவற்றில் அரசப் பயனுக்கு உரியது, காணிக்கையாகச் செலுத்தும் கிண்ணம் எனப் பொருள்படும் இரண்டெழுத்துத் தொடர்கள் உள்ளன. பெறுபவர் யார் என்பது கிண்ணத்தில் எழுதப்பட்டிருக்கிறது. தருபவர் யார் என்பது எழுதப்படவில்லை.

பிறந்த நாட்டில் மறைவும் அயல்நாட்டில் வாழ்வும்

காலம் மாறியது. யுவான் ஆட்சிக் காலத்திலேயே ஜியான் சூளைகள் தளர்ந்தன. 1391-இல் மிங் பேரரசர் ஹோங்வூ, அடைத் தேயிலையைக் காணிக்கையாகச் செலுத்தும் முறையை நிறுத்தி, இலையாகவே செலுத்துமாறு ஆணையிட்டார். பொடித்து நுரைக்கும் முறை சீனத்தில் மெல்ல மறைந்து, ஊறவைக்கும் முறை பரவியது. ஊறிய தேநீரின் பொன்னிறத்தைக் காண வெண்கிண்ணமே ஏற்றது. கருமையின் தேவை போயிற்று, கருங்கிண்ணமும் போயிற்று. பயனால் உயர்ந்த பொருள் பயன் மாறியதும் வழக்கிழந்தது.

ஆனால் அதற்கு முன்னரே ஜப்பானியத் துறவியர் சீன மடங்களில் பயின்று, நுரைத் தேநீரைத் தம் நாட்டிற்குக் கொண்டுசென்றிருந்தனர். 1191-இல் சீனத்திலிருந்து திரும்பிய எய்சாய் (1141–1215) என்னும் ஜென் துறவி, தேநீரின் நலம் பற்றி 1211-இல் நூல் எழுதினார். சீனத்தின் ஜெஜியாங் பகுதியில் தியன்மூ என்றொரு மலை உண்டு. அங்குள்ள மடங்களில் பயின்ற ஜப்பானியர் கருங்கிண்ணங்களோடு திரும்பினர். அம்மலையின் பெயரை ஜப்பானியர் ‘தென்மோக்கு’ என்று ஒலித்தனர். அதுவே கிண்ணத்தின் பெயராயிற்று. கிண்ணம் செய்யப்பட்ட ஊர் வேறு. அது கைமாறிய மலை வேறு. பெயரில் நிலைத்தது மலையே.

ஜப்பானியர் இக்கிண்ணங்களைப் பழம்பொருளாகவே தேடி வாங்கினர் என்பதற்குக் கடலடியிலிருந்து ஒரு சான்று கிடைத்தது. 1323-இல் சீனத்தின் நிங்போ துறைமுகத்திலிருந்து ஜப்பானுக்குச் சென்ற ஒரு வணிகக்கப்பல், கொரியாவின் சினான் கடற்பகுதியில் மூழ்கியது. 1975-இல் மீனவர் ஒருவரின் வலையில் சில கலங்கள் சிக்கியதால் அவ்விடம் தெரியவந்தது. 1976 முதல் 1984 வரை அகழ்வு நடைபெற்றது. 20,000-க்கும் மேற்பட்ட பீங்கான் கலங்கள் வெளிவந்தன. அவற்றுள் பெரும்பாலானவை அக்காலத்தில் புதிதாகச் செய்யப்பட்டவை. ஆனால் சிறுதொகையாக இருந்த ஜியான் கிண்ணங்களிலோ முன்பே புழங்கியதற்கான தேய்மானம் காணப்பட்டது. 1323-லேயே ஜியான் கிண்ணம் சீனத்தில் கைப்பட்ட பழம்பொருள். ஜப்பானியனுக்கு அது தேடித் திரட்டும் செல்வம்.

தரம் பிரித்த ஏடு

பதினைந்தாம் நூற்றாண்டில் ஜப்பானை ஆண்ட அஷிகாகா ஷோகன்கள் சீனப்பொருள்களைப் பெருவாரியாகத் திரட்டினர். அவற்றைத் தெரிந்து, தரமறிந்து, காட்சி அறையில் அமைக்கும் பணிக்கென்று அறிஞர் சிலர் அரண்மனையில் இருந்தனர். நோஆமி (1397–1471), அவர் பெயரர் சோஆமி (இறப்பு 1525) ஆகியோர் பெயரால் வழங்கும் ஏடு ‘குந்தைகான் சோச்சோகி’. ஓவியரையும் கலங்களையும் வரிசைப்படுத்தி மதிப்பிடும் ஏடு இது. ஜியான் கிண்ணங்களுள் ‘யோஹென்’ முதலாவது. உலகில் பலவாகக் கிடைக்காதது. ‘ஹிகி’ என்னும் மதிப்பளவில் பத்தாயிரம் பெறும். எண்ணெய்த்துளி இரண்டாவது, ஐயாயிரம் பெறும். ஏனைய நல்ல ஜியான் கிண்ணம் மூவாயிரம் பெறும். சாம்பல் படிந்தாற்போன்ற மங்கிய கிண்ணமோ ஷோகன் அவைக்குப் பயன்படாதது, விலை குறைந்தது.

‘யோஹென்’ என்னும் பெயர் கவிஞர்கள் கருதத்தக்கது. முதலில் அச்சொல்லை எழுதிய எழுத்துகள் ‘சூளையில் நேர்ந்த மாற்றம்’ என்று பொருள்படும். சூளைக்குள் குயவர் கருதாமலே நிகழும் விளைவு அது. கரும்பரப்பில் சிதறிய புள்ளிக்கூட்டங்களைச் சுற்றி, ஒளிபடும் கோணத்திற்கேற்ப நீலமும் ஊதாவும் மாறித் தோன்றும். காலப்போக்கில் ஜப்பானியர் அதே ஒலியை உடைய வேறொரு எழுத்தை இட்டனர். அவ்வெழுத்து ஒளிர்தலையும் விண்மீனையும் குறிப்பது. ஒலி மாறவில்லை, பொருள் மாறிற்று. சூளையின் விபத்து விண்ணின் ஒளி ஆயிற்று. கிண்ணத்தைத் தொடாமலே, பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் பார்ப்பவர் கண்ணை மாற்றிவிட்டனர்.

தரவரிசையும் நிலைத்து நிற்கவில்லை. முராத்தா ஜுக்கோ, தாகெனோ ஜோஓ, சென் நோ ரிக்யூ (1522–1591) என்று தொடர்ந்த தேநீர் ஆசான்கள் எளிமையைப் போற்றியபோது, ஏட்டில் கடைநிலையில் இருந்த சாம்பல் நிறக் கிண்ணம் உயர்ந்தது. கொரியாவின் எளிய கிண்ணங்களும், உள்ளூர்க் குயவர் கையால் வனைந்த ராகு கிண்ணங்களும் தேநீர் அறையில் இடம்பெற்றன. ஒளிரும் தென்மோக்கு, பெருமக்களுக்குத் தேநீர் வழங்கும் சடங்கில் தாங்கியின்மேல் ஏற்றி வைக்கும் கலமாயிற்று. கிண்ணம் அதே கிண்ணம்தான். அதனைப் படிக்கும் முறைதான் வேறாயிற்று.

மூன்று கிண்ணங்கள்

முழுமையாக எஞ்சியுள்ள யோஹென் கிண்ணங்கள் மூன்று. மூன்றும் ஜப்பானில் உள்ளன. மூன்றும் தேசியச் செல்வங்களாக அறிவிக்கப்பட்டவை. ஒன்று தோக்கியோவின் செய்காதோ கலைக்கூடத்திலும், மற்றொன்று ஓசாகாவின் ஃபுஜிதா கலைக்கூடத்திலும், மூன்றாவது கியோத்தோவின் தைதோகுஜி வளாகத்தில் உள்ள ரியோகோஇன் மடத்திலும் உள்ளன. 2019-இன் இளவேனிலில் இம்மூன்றும் வெவ்வேறு மூன்று இடங்களில் ஒரே காலத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

இவற்றுள் செய்காதோ கிண்ணத்தின் வழிவரலாறு தெளிவானது. தோகுகாவா ஷோகன்களின் உடைமையாக இருந்த அதனை, மூன்றாம் ஷோகன் இயெமித்சு, தம்மை வளர்த்த செவிலித்தாய் காசுகா (1579–1643) நோயுற்றிருந்தபோது அவருக்கு வழங்கினார் என்பது மரபு. அவர்வழியே அது இனாபா குடும்பத்தை அடைந்தது; ‘இனாபா தென்மோக்கு’ என்று பெயர்பெற்றது. ஆட்சி முறை மாறி, பழங்குடும்பங்கள் தம் உடைமைகளை விற்கத் தொடங்கிய இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், 1918-இல் அது இனாபா குடும்பத்தை விட்டு நீங்கியது. ஃபுஜிதா கிண்ணமும் அதே ஆண்டில்தான் மித்தோ தோகுகாவா குடும்பத்திலிருந்து ஃபுஜிதா குடும்பத்திற்குக் கைமாறியது. மேட்டுக்குடியின் கருவூலம் வணிகக்குடிக்குப் பெயர்ந்த காலம் அது.

இனாபா கிண்ணத்தை 1934-இல் பெற்றவர் மித்சுபிஷி நிறுவனத்தின் நான்காம் தலைவர் இவாசாக்கி கொயாத்தா (1879–1945). அவர் அக்கிண்ணத்தில் ஒருமுறையும் தேநீர் பருகவில்லை. உலகிற்கே உரிய அருங்கலத்தைத் தம்மைப் போன்ற தனியொருவர் பயன்படுத்தலாகாது என்பது அவர் கருத்து. இதில் பணிவு உண்டு, பொறுப்புணர்வும் உண்டு. ஆயினும் ஒரு கேள்வி எழாமல் இல்லை. நுரையின் வெண்மையைக் காட்டுவதற்காகக் கருமை பெற்ற கிண்ணம், நுரையைக் காணாமல் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும்போது எஞ்சுவது கலமா, கலத்தின் தோற்றமா? பயன்படுத்தினால் உடையக்கூடும், பயன்படுத்தாவிட்டால் அதன் பொருள் உடைந்துபோகும். இவ்விரண்டிற்கும் இடையே தொகுப்பாளர் ஒவ்வொருவரும் ஒரு முடிவைத் தேர்ந்தாக வேண்டியிருந்தது. கொயாத்தா முதலாவதற்கு அஞ்சி இரண்டாவதை ஏற்றார். அதனால்தான் இன்றும் காண்பதற்குக் கிண்ணம் இருக்கிறது என்பதையும் மறுக்க இயலாது.

சீனத்திலோ முழுமையான யோஹென் ஒன்றும் கிடைக்கவில்லை. 2009-இல், தென்சோங் அரசின் தலைநகராக இருந்த ஹாங்சோ நகரில் கட்டடப் பணிக்காக மண் தோண்டியபோது, ஒரு யோஹென் கிண்ணம் உடைந்த நிலையில் வெளிப்பட்டது. அதன் ஒரு பகுதி கிடைக்கவில்லை. இத்தகைய கிண்ணத்தைச் சீனர் தீக்குறியெனக் கருதி உடைத்திருப்பர் என்று முன்பு சிலர் கருதியதுண்டு. அரசத் தலைநகரிலேயே அது புழங்கியிருப்பது அக்கருத்தைத் தளரச் செய்தது. பிறந்த நாட்டிலும் அதனைப் போற்றியோர் இருந்தனர். ஆனால் அவர்கள் எழுதிவைத்த ஏடோ, வழிவழியாகக் காத்த குடும்பமோ எஞ்சவில்லை.

தைத்த கிண்ணம்

உடையாத கிண்ணத்தின் வரலாற்றைப் போலவே உடைந்த கிண்ணத்தின் வரலாறும் கற்கத்தக்கது. தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் பசுமை கலந்த இளநீல மெருகுடைய ஒரு கிண்ணம் உள்ளது. சீனத்தின் லோங்சுவான் சூளைகளில் தென்சோங் காலத்தில் செய்யப்பட்டது. வாய் விட்டம் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். ஆறிதழ்ப் பூவைப் போன்ற விளிம்புடையது. அதன் அடிப்பகுதியில் விரிசல் ஓடுகிறது. விரிசலை இரும்புக் கவ்விகள் பிணைத்துள்ளன. அக்கவ்விகள் வெட்டுக்கிளியைப் போலத் தோன்றியதால் ‘பகோஹான்’ என்று அதற்குப் பெயர்.

இதோ தோகாய் (1670–1736) என்னும் அறிஞர் 1727-இல் இதன் கதையை எழுதிவைத்தார். தைரா குலத்துச் ஷிகெமோரி (1138–1179) சீனத்திலுள்ள ஒரு புத்த மடத்திற்குப் பொன் அனுப்பினார். அதற்குக் கைம்மாறாக மடத்தலைவர் இக்கிண்ணத்தை அனுப்பினார். நிங்போவை அடுத்துள்ள அம்மடம் இந்தியப் பேரரசர் அசோகரின் பெயரைத் தாங்கியது. பின்னர்க் கிண்ணம் ஷோகன் யோஷிமாசாவை (1436–1490) அடைந்தது. அதில் விரிசல் கண்ட அவர், அதனைச் சீனத்திற்கு அனுப்பி, இதைப் போன்ற வேறொன்று தருமாறு கேட்டார். இதற்கு நிகரானது இப்போது மிங் நாட்டில் இல்லை என்று கூறி, சீனர் இரும்புக் கவ்வியிட்டு அதனையே திருப்பி அனுப்பினர்.

கதையின் முற்பகுதி வரலாற்றோடு பொருந்தவில்லை. கிண்ணம் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று வல்லுநர் கணித்துள்ளனர்; ஷிகெமோரியோ 1179-இல் இறந்தவர். ஆயினும் இக்கதை பொய்யென்று ஒதுக்கத்தக்கதும் அன்று. மாற்றுக் கேட்டவருக்கு மாற்று இல்லை என்னும் விடையே கிடைத்தது. குறையோடு கிடைத்த பழைய கிண்ணம் முன்னினும் மதிப்புப் பெற்றது. சூளை அணைந்துவிட்டது, செய்முறை மாறிவிட்டது, எஞ்சியதைத் தைத்தேனும் காக்க வேண்டும் என்னும் உணர்வு தோன்றிய கணத்தை இக்கதை பதிந்து வைத்திருக்கிறது. பழம்பொருளைப் பேணும் எண்ணம் பிறப்பது அங்கேதான்.

விலையும் கொடையும்

தொகுப்பு என்பது பணத்தோடு பிணைந்தது. இருபதாம் நூற்றாண்டில் ஓசாகாவின் அத்தாக்கா வணிக நிறுவனத்தின் பொருளில், அத்தாக்கா எய்இச்சி (1901–1994) என்பவரின் தேர்வால் கொரிய, சீனக் கலங்கள் திரண்டன. அவற்றுள் ஒன்று, தொயோதோமி ஹிதெத்சுகுவின் உடைமையாக இருந்த எண்ணெய்த்துளிக் கிண்ணம். ஹிதெத்சுகு 1595-இல் தம் தாய்மாமனும் ஆட்சித்தலைவருமான ஹிதெயோஷியின் ஆணையால் உயிர்மாய்த்துக்கொள்ள நேர்ந்தவர். அவருடைய கிண்ணம் பல கைகள் மாறி, பொன்விளிம்போடு அத்தாக்காவை அடைந்தது. நிறுவனம் நிலைகுலைந்து 1977-இல் மறைந்தது. தொகுப்பு துண்டு துண்டாக ஏலம் போகும் என்னும் அச்சம் எழுந்தது. சுமித்தோமோ குழும நிறுவனங்கள் ஏறத்தாழ 1000 பொருள்களைக் கொண்ட அத்தொகுப்பைச் சிதறாமல் ஓசாகா நகருக்கு வழங்கின. அதனைக் காப்பதற்கென்றே 1982-இல் கீழைநாட்டுப் பீங்கான் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

மறுபுறம், குரோதா குடும்பத்தின் வழிவந்த மற்றொரு எண்ணெய்த்துளிக் கிண்ணம் 2016 செப்டம்பரில் நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 17 லட்சம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டது. மதிப்பீடு செய்தோர் கருதியதைப் போலப் பன்மடங்கு விலை அது. அரசனின் உடைமை, குடும்பத்தின் உடைமை, வணிகரின் உடைமை, நகரத்தின் உடைமை, ஏலத்தின் பொருள் என்று ஒரே வகைக் கிண்ணம் எத்தனை நிலைகளைக் கண்டிருக்கிறது என்பது வியப்பிற்குரியது.

அவ்விலையோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது ஷுய்ஜியின் சூளைமேடு. சீனக் கடல்சுங்கத் துறையில் பணியாற்றிய அமெரிக்கர் ஜேம்சு மார்ஷல் பிளமர் 1935-இல் அவ்விடத்தை அடைந்தார். உறையோடு ஒட்டிய கிண்ணங்களும் கோணியவையும் குமிழி வெடித்தவையுமாகச் சில்லுகள் அங்கே மேடுமேடாகக் குவிந்து கிடந்தன. பேழையில் உள்ள ஒரு கிண்ணத்திற்குப் பின்னால் இப்படி ஒரு மேடு இருக்கிறது. தோற்றவை அனைத்தையும் தாங்கியவர் குயவரே. வென்றதைப் பெற்றவர் பிறர்.

கடற்கரைச் சில்லுகள்

இக்கலங்களின் வழி ஜப்பானோடு நின்றுவிடவில்லை, தமிழகத்தையும் தொட்டது. பூஜியானின் பெருந்துறைமுகமான சுவான்சோவில் தமிழ் வணிகர் இருந்தனர் என்பதற்கு, 1281-ஆம் ஆண்டில் அங்கே பொறிக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டு சான்று. குப்லாய் கான் ஆட்சியில் எழுந்த சிவன் கோயிலை அது குறிப்பிடுகிறது. இராமநாதபுரம் மாவட்டத்தின் பெரியபட்டினத்தில் 1980-களில் நடந்த அகழ்விலும் கள ஆய்விலும் பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனச் சில்லுகள் கிடைத்தன. அவற்றுள் லோங்சுவான் சூளைகளின் பசுமெருகுச் சில்லுகள் மிகுதி. தமிழகக் கல்வெட்டறிஞர் எ. சுப்பராயலுவும், தமிழ்க் கல்வெட்டுகளைத் தம் வாழ்நாள் ஆய்வாகக் கொண்ட ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் (1933–2015) இச்சில்லுகளின் பொருளை உணர்த்தியவர்கள். யாழ்ப்பாணத்தை அடுத்த அல்லைப்பிட்டியிலும் 1977-இல் ஜான் கார்சுவெல் சோங் காலச் சில்லுகளை அகழ்ந்தெடுத்தார்.

பகோஹான் செய்யப்பட்ட அதே சூளைப்பகுதியின் கலங்கள் மன்னார் வளைகுடாவின் கரையிலும் புழங்கின. ஒன்று உடைந்தபோது கடல்கடந்து சென்று கவ்வியிட்டுத் திரும்பியது; மற்றவை உடைந்தபோது மணலில் எறியப்பட்டன. கலத்தின் தரத்தைக் கொண்டு இவ்வேறுபாட்டை முழுதும் விளக்க இயலாது. ஜப்பானில் கிண்ணத்திற்குப் பட்டுப்பை தைத்தனர். மரப்பெட்டி செய்து, பெட்டியின் மூடியில் பெயரும் வழியும் எழுதினர். பழைய பெட்டியைக் களையாமல் அதற்கு மேலும் ஒரு பெட்டி செய்தனர். கலத்தோடு எழுத்தும் தொடர்ந்து வந்தது. பெரியபட்டினத்துக் கலத்தில் உண்டவர் யார், வாங்கியவர் யார் என்று சொல்ல ஓர் ஏடும் இல்லை.

நிறைவாக

ஜியான் கிண்ணத்தின் ஆயிரமாண்டு வரலாற்றைத் தொகுத்துக் காணும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. அரசர் திரட்டியவை அரசோடு சிதறின. விலை கொடுத்து வாங்கியவை விலைக்கே சென்றன. நிலைத்தவை, அவற்றைப் பற்றி யாரேனும் எழுதிவைத்தவையே. சாய் ஷியாங்கின் நூல், நோஆமியின் ஏடு, தோகாயின் குறிப்பு, பெட்டி மூடியின்மேல் எழுதிய இரண்டு வரி ஆகியவை இல்லையேல், இனாபா கிண்ணம் கருநிற மண்கலம் ஒன்றாகவே எஞ்சியிருக்கும், அதுவும் ஐயமே.

எழுதியவர் காத்தனர் என்பது எவ்வளவு உண்மையோ, எழுதியவர் மறைத்தனர் என்பதும் அவ்வளவு உண்மை. மலையின் பெயரும் விண்மீனின் பெயரும் உடைமையாளரின் பெயரும் கிண்ணத்தின்மேல் படியப் படிய, சூளையின் முன் நின்றவரின் பெயர் மேலும் ஆழத்திற்குச் சென்றது. சங்கப் பாடல்களைத் தொகுத்தோர், பெயர் தெரியாத புலவரை அவர் பாடலில் அமைந்த ஓர் அருந்தொடராலேயே சுட்டி, செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் வழங்கினர். உடைமையாளரின் பெயரை ஏற்றாமல், படைப்பிலிருந்தே படைத்தவருக்குப் பெயர் எடுத்துத் தந்த தொகுப்பு முறை அது. கிண்ணத்தின் குயவருக்கு அத்தகைய தொகுப்பாளர் வாய்க்கவில்லை. முயல்மயிரும் எண்ணெய்த்துளியும் கலத்தின் பெயர்களாக நின்றன; அவற்றை விளைவித்தவருக்கு அப்பெயரை யாரும் சூட்டவில்லை.

செய்காதோவின் பேழைக்குள் இருக்கும் கிண்ணத்தின் அடிப்பகுதியில் மெருகு முழுமையாக இறங்கவில்லை. பூச்சு துளியாய்த் திரண்டு நின்ற இடத்திற்குக் கீழே கருமண் வெறுமையாகத் தெரிகிறது. வழியும் பூச்சு சூளை உறையில் ஒட்டிவிடாதிருக்கக் குயவர் தெரிந்தே விட்ட இடம் அது. பெயர்களும் விலைகளும் பூச்சின் ஒளியைப் பற்றியே பேசுகின்றன. அவர் கை இன்றும் தெரிவது அந்த வெறுமண்ணில்தான்.